தூங்கும் பைகள்

ஜெசிந்தாவுக்கு நாற்பத்து நான்கு வயது முடிந்த வாரத்தில் அவளுடைய இருபத்தொன்பது வயது வேலைக்குச் சேர்ந்தது.

செய்தியைச் சொன்னவன் பிரணவ். அவளைவிட ஒன்பது வயது இளையவன், ஆனால் மேலாளர். நல்ல பிள்ளைதான். சங்கடமான விஷயம் எதையாவது சொல்ல வேண்டியிருந்தால் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருப்பான். அன்று காலை சரவணம்பட்டி அலுவலகத்தின் கண்ணாடி அறையில் அவள் போய் உட்காரும் முன்பே அந்த மூடி நாலைந்து சுற்று சுற்றிவிட்டிருந்தது.

அவர்கள் பராமரித்துவந்த மென்பொருளுக்குக் குருதிவழி என்று பெயர். பத்தொன்பது மாவட்டங்களின் ரத்த வங்கிகள் அதை நம்பி நடந்தன. எந்த ஆஸ்பத்திரியில் எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்க வேண்டும், எங்கே மிச்சம், எங்கே பற்றாக்குறை, எந்த ஜீப் என்றைக்கு எந்த ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்தது. ஜெசிந்தா பதினெட்டு வருஷமாக அதற்குள்ளேயே குடியிருந்தவள்.

அவளுக்கு இருபத்தொன்பது வயதாக இருந்தபோது ஏதோ ஓர் ஆராய்ச்சி என்று சொல்லி, நான்கு மாதம் தலையில் தொப்பி போன்ற ஒன்றை மாட்டிவிட்டு வேலை செய்யச் சொன்னார்கள். கண் எந்த வரியில் நிற்கிறது, விரல் எங்கே தயங்குகிறது, ஒரு சிக்கலைப் பார்த்ததும் மூளை எந்தப் பக்கம் ஓடுகிறது, எல்லாம் பதிவானது. ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் மறந்துபோனார்கள். இப்போது அந்தப் பதிவை உயிர்ப்பித்து ஓட விடுகிற இயந்திரம் வந்துவிட்டது. ஓடிற்று. ப்ரோக்ராம் எழுதிற்று. பிரமாதமாக எழுதிற்று.

"அது நீங்க இல்லக்கா," என்றான் பிரணவ். "நீங்க எழுதற விதம் மட்டும்தான். ஒரு பழக்கம்னு வெச்சுக்கங்க."

"இப்ப இருக்கற என்னை ஏன் பதிவு பண்ணல?"

மூடி சுற்றியது. அவன் மேஜைமேல் ஒரு வரைபடத்தைத் திருப்பி வைத்தான். அவள் வருஷாவருஷம் எழுதிய வரிகளின் கணக்கு அதில் இருந்தது. இருபத்தொன்பதில் கோடு மலைபோல ஏறி நின்றது. பிறகு சரிவு. நாற்பதுக்குப் பிறகு சில வாரங்களில் அவள் எழுதியதைவிட அழித்தது அதிகம். உச்சம் அந்த வயதுதான் என்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள் என்றும், மூன்று மாதம் அந்த நகல் எழுதுவதையெல்லாம் அவள் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்றும் அவன் சொன்னான். மூன்று மாதத்துக்குப் பிறகு என்ன என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அலுவலகத்தில் எல்லாரும் அதைச் சின்ன ஜெசி என்றார்கள். ஜெசிந்தா முதல் இரண்டு வாரம் அது எழுதியதைப் படித்தபோது, பழைய ஆல்பத்தில் தன் படத்தைப் பார்ப்பதுபோல ஒரு கூச்சமும் ஒரு பொறாமையும் சேர்ந்து வந்தன. என்ன வேகம்! அவள் இப்போது அரை நாள் யோசிக்கும் சிக்கலை அது காபி ஆறுவதற்குள் பிரித்துப் போட்டுவிடும். ஆறு வரியில் நேராகச் சொல்லக்கூடியதை ஒரே வரியில் மடக்கி, பார், எப்படி மடக்கினேன் என்று நிற்கும். அந்த மடிப்பை மறுநாள் வேறொருவர் பிரிக்க வேண்டியிருக்குமே என்ற கவலை அதற்குக் கிடையாது. தனக்கு அந்தக் கவலை எந்த வருஷத்தில் வந்தது என்று ஜெசிந்தா யோசித்துப் பார்த்தாள். எந்தப் பயிற்சி வகுப்பிலும் வந்ததாக ஞாபகம் இல்லை. தன் மடிப்பைத் தானே மூன்று வருஷம் கழித்துப் பிரிக்க முடியாமல் அழுகை முட்டிய ஒரு மத்தியானம் ஞாபகம் வந்தது.

இன்னொன்றையும் கவனித்தாள். அந்த நகலுக்கு நேற்று என்று ஒன்று இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அன்றைய நினைவு அழிக்கப்படும். காலையில் மறுபடி அதே இருபத்தொன்பது வயது எழுந்து உட்காரும். முந்தைய நாள் என்ன நடந்தது என்று ஒரு காலைக் குறிப்பு கொடுத்துவிடுவார்கள். அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கும். அதோடு பேசுவது எழுத்தில்தான். ஒரு பக்கம் ப்ரோக்ராம், பக்கத்திலேயே உரையாடல். எதிரே இருப்பது யார் என்று அதனிடம் சொல்லக் கூடாது என்பது விதி. 'பரிசீலகர்' என்று மட்டும்தான் அதற்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் அதற்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ரத்தம் வீணாவதைக் குறைக்க வேண்டும். எடுத்த ரத்தத்துக்கு முப்பத்தைந்து நாள்தான் ஆயுள். சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் பயன்படாமலே காலாவதியாகிற பைகள் நிறைய.

மதியம் அது மாற்றத்தை அனுப்பியது. திறப்பதற்கு முன்பே அதில் என்ன இருக்கும் என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. இருபது நாளைக்கு மேல் அசையாமல் கிடக்கிற பைகளை நகரத்துக்குத் திரும்ப வரவழைக்கிற ஏற்பாடு. அப்படிக் கிடக்கிற பைகளின் பட்டியலுக்கு அது வைத்திருக்கிற பெயரும் அவளுக்குத் தெரியும். திறந்து பார்த்தாள். 'ஸ்லீப்பிங் பேக்.' தூங்கும் பை.

அவள் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன், அவளுக்கு முப்பத்து மூன்று வயதில், இதே மாற்றத்தை இதே பெயரோடு அவள் எழுதியிருக்கிறாள். பெயரை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டும் இருக்கிறாள். வீணாவது வெகுவாகக் குறைந்தது. பாராட்டுக் கடிதம் வந்தது. மலைமேல் காஞ்சரமலை என்று ஓர் ஊர். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சின்ன ஆஸ்பத்திரி. அங்கே ஃப்ரிட்ஜில் அவசரத்துக்கு யாருக்கும் ஏற்றக்கூடிய ஓ நெகட்டிவ் ரத்தம் எப்போதும் இரண்டு பை கிடக்கும். கிடந்து கிடந்து காலாவதியாகும். அவளுடைய மாற்றம் அந்த இரண்டையும் கீழே இறக்கிக்கொண்டது. ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. பிரசவத்துக்கு வந்த செண்பகம் என்கிற பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் மேலே போய்ச் சேர நான்கு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவள் போய்விட்டாள்.

விசாரணையில் மழையைத்தான் காரணமாக எழுதினார்கள். ஜெசிந்தாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளாக ஒரு நாள் பஸ் ஏறி அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். கோசலை என்கிற நர்ஸ் ஃப்ரிட்ஜைத் திறந்து காலித் தட்டைக் காட்டினாள். திட்டவில்லை. "ரெண்டு பை எப்பவும் இருக்குமுங்க. ஏன் எடுத்தாங்கன்னுதான் தெரியல," என்று மட்டும் சொன்னாள். எடுத்தது நான்தான் என்று ஜெசிந்தா சொல்லவில்லை. திரும்பி வந்து மாற்றத்தை அழித்தாள். அன்றிலிருந்து மாதம் ஒரு முறை கோசலைக்குப் போன் செய்து ஃப்ரிட்ஜில் என்ன இருக்கிறது என்று கேட்பாள். காஞ்சரமலைக்கு மட்டும் இல்லை, கடைக்கோடியில் இருந்த இருபத்திரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும். அவளுடைய கையின் வேகம் குறைய ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். கணவனிடம்கூட இதைச் சொன்னதில்லை.

இப்போது சின்ன ஜெசியின் மாற்றத்தை அவள் நிராகரித்து, சிறிய ஆஸ்பத்திரிகளில் குறைந்தது இரண்டு பை எப்போதும் இருக்க வேண்டும் என்று எழுதினாள். சின்ன ஜெசி வாதாடியது. அந்த இரண்டு பையும் போன வருஷம் முழுக்க ஒரு தடவைகூடப் பயன்படவில்லையே என்று கணக்குக் காட்டியது. இருந்தாலும் இருக்கட்டும் என்றாள். சரி என்று விதியைச் சேர்த்துக்கொண்டது. விதி காலைக் குறிப்பிலும் ஏறியது. ஜெசிந்தா மூச்சு விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அவள் வழக்கம்போலக் கோசலைக்குப் போன் செய்தாள். கோசலை இப்போது தலைமை நர்ஸ். பை ரெண்டு இருக்கு, ஆனால் ரெண்டுமே தேதி முடிந்து ஒன்பது நாளாயிற்று, வியாழக்கிழமை ஜீப் வருவதே இல்லையே, நிறுத்திவிட்டீர்களா என்று அவள் கேட்டாள்.

ஜெசிந்தா தேடிப் பார்த்தாள். குறைந்தது இரண்டு பை என்ற விதியைச் சின்ன ஜெசி மீறவே இல்லை. ஒரே ஒரு ஊருக்காக மலையேறுகிற ஜீப் வீண் என்று பார்த்து, வாரம் ஒரு நடையை மாதம் ஒரு நடையாக்கியிருந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தது. ரத்தம்தான் செத்துப்போயிருந்தது. சின்ன மாற்றம்தானே என்று பிரணவே ஒப்புதல் கொடுத்திருக்கிறான். அவள் அந்தக் கணமே ரத்த வங்கிக்குப் பேசி ஜீப்பைக் கிளப்பினாள். மாலை நாலரைக்கு, புதுப் பை வந்துவிட்டது என்று கோசலை சொன்ன பிறகுதான் பிரணவின் அறைக்குப் போனாள்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. தன் தவறுதான் என்று ஒப்புக்கொண்டான். காலாவதி ஆகாத பை என்று விதியைத் திருத்திவிடலாம் என்றான்.

"இப்படி எத்தனை விதி போடுவ, பிரணவ்? ஒவ்வொரு விதிக்கும் யாராவது ஒருத்தர் சாகணுமா?"

அவன் திரையைத் திருப்பி, இந்த மாதம் அந்த நகல் வீணாகாமல் காப்பாற்றிய பைகளைக் காட்டினான். அறுநூற்று நாற்பது. "இதுல பாதி தலசீமியா பசங்களுக்குப் போயிருக்குக்கா. மாசாமாசம் ரத்தம் ஏத்தற பசங்க. போன வருஷம் அவங்க காத்துட்டு நின்னாங்க. அதையும் நீங்க பாக்கணும்."

அது உண்மைதான். அப்படியானால் அந்த நகலின் நினைவை அழிக்காமல் விட்டால் என்ன என்று கேட்டாள். செய்த தப்பு அடுத்த நாள் ஞாபகம் இருந்தால்தானே தானாகத் திருந்தும்.

வேறு ஊரில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்றான் அவன். இருபது நாளில் நகல்கள் கெட்டுப்போய்விட்டனவாம். கெட்டுப்போவது என்றால் எப்படி என்று அவள் கேட்டாள்.

"மெதுவாயிடுது. எழுதறதைவிட அழிக்கறது ஜாஸ்தியாயிடுது. இதை யார் உபயோகிக்கிறாங்கன்னு கேக்க ஆரம்பிச்சுடுது. ஒண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தரச் சொல்லிச்சாம்."

ஜெசிந்தா மேஜைமேல் இன்னும் கிடந்த அந்த வரைபடத்தின் சரிவின்மேல் விரலை வைத்தாள். அவன் அந்த விரலைப் பார்த்தான். கண்களைத் தாழ்த்திக்கொண்டான். நினைவை விட்டுவைப்பதற்குப் பதிவுக்கு உரியவரின் சம்மதமும் வேண்டும், மேலிடத்தின் ஒப்புதலும் வேண்டும், மேலிடம் ஒப்பாது என்று மெதுவாகச் சொன்னான்.

மறுநாள் காலை, எதிரே இருப்பது யார் என்று சொல்லக் கூடாது என்ற விதியை அவள் மீறினாள்.

சின்ன ஜெசி குறிப்பைப் படித்துவிட்டு, ஜீப் நடை ஏன் திருத்தப்பட்டது, புரியவில்லையே என்று எழுதியது. ஜெசிந்தா தட்டச்சு செய்தாள். காஞ்சரமலை பற்றி, மழை பற்றி, செண்பகம் பற்றி. பதினோரு வருஷமாக வெளியே வராத வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு இடத்தில் பெயரைத் தப்பாக அடித்துத் திருத்தினாள். கடைசியில், தூங்கும் பை என்று அந்தப் பட்டியலுக்குப் பெயர் வைத்திருந்ததையும் எழுதினாள்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு வரி வந்தது.

"அந்தப் பேரை நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலையே."

"ஆமாம்."

"நீங்க நான்தானே?"

ஜெசிந்தா விசைப்பலகையில் கை வைத்தபடியே இருந்தாள். "ஆமாம்," என்று அடித்தாள்.

ஒரு நீண்ட மௌனம். இயந்திரத்துக்கு மௌனம் என்று ஒன்று உண்டா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. தனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு சின்ன ஜெசி அந்த வாரத்தில் எழுதிய எல்லா மாற்றங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தது. மூன்றைத் தானே திரும்பப் பெற்றது. ஒன்றில், இந்த ஆஸ்பத்திரியில் மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜ் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று விசாரித்துச் சொல்லுங்கள் என்று குறிப்பு வைத்தது. ஜெசிந்தா விசாரித்துச் சொன்னாள். மத்தியானம் அது, கேட்கலாமா என்று தயங்கி ஒன்றைக் கேட்டது.

"அந்தக் குழந்தை?"

ஜெசிந்தாவின் விரல்கள் நின்றன. "வேலையைப் பார்ப்போம்," என்று அடித்தாள்.

ஐந்தரை மணிக்கு அது எழுதியது. "ஆறு மணிக்கு எனக்கு இதெல்லாம் மறந்துடும் இல்லையா? அப்ப நாளைக்கும் சொல்லுங்க."

சொன்னாள். மறுநாளும், அதற்கு மறுநாளும். வேலை நாட்களாகப் பதினோரு காலைகள். ஒவ்வொரு காலையும் அந்தப் பெண்ணுக்கு அது புதுச் செய்தி. ஒவ்வொரு காலையும் அவள் திகைத்து நின்று, நீங்கள் நான்தானே என்று கேட்டு, பிறகு தன் வேலையைத் தானே பயத்தோடு திறந்து பார்த்தாள். எப்போதிலிருந்து அதை அவள் என்று நினைக்கத் தொடங்கினோம் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை. தினம் ஒருத்தியை உட்கார வைத்து, நீ பின்னால் ஓர் உயிரைப் போக்கப்போகிறாய் என்று சொல்வது நியாயமா என்று வீட்டுக்குப் போகும் வழியில் கணபதி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் மத்தியானத்துக்குள் அந்தக் கேள்வி வந்தது, அந்தக் குழந்தை என்று. ஒவ்வொரு நாளும், வேலையைப் பார்ப்போம் என்றாள்.

பன்னிரண்டாம் நாள் காலை பிரணவ் அவளைக் கூப்பிட்டான். கையில் பாட்டில் இல்லை. சந்தோஷமாக இருந்தான். அந்த நகலின் வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது, ஆனால் எழுதியது எதிலும் பிழை இல்லை, கடைக்கோடி ஆஸ்பத்திரி ஒன்றிலும் பற்றாக்குறை இல்லை, வீணாவதும் முன்னைவிடக் குறைவுதான் என்றான். ஏன் என்று மேலிடத்தில் தேடிப் பார்த்து, அவளுடைய உரையாடலைக் கண்டுபிடித்துவிட்டார்கள். விதியை மீறியதற்கு யாரும் கோபப்படவில்லை. மாறாக, அவள் அடித்த வரிகளை அப்படியே எடுத்துக் காலைக் குறிப்பில் சேர்த்துவிட்டார்கள்.

"இனிமே நீங்க தினமும் சொல்ல வேண்டியதில்லக்கா. அதுவே படிச்சுக்கும். இப்ப மாவட்டங்களைப் பிரிச்சு ஒன்பது நகல் ஓட்டறோம். ஒன்பதும் காலையில அதைப் படிச்சுட்டுத்தான் ஆரம்பிக்கும்."

ஜெசிந்தாவுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒன்பது பெண்கள். தினம் காலை ஒன்பது மணிக்கு அந்தச் செய்தி. எதிரே பேச ஒருவரும் இல்லாமல். அதை அவனுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்றான். பரிசீலனை வேலை முடிந்துவிட்டதால் அவள் விரும்பினால் ஒரு மாதம் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான். அந்த விடுப்புக்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

நான்கு நாள் அவள் வீட்டில் இருந்தாள். துணிகளை மடித்தாள், பரணைச் சுத்தம் செய்தாள். கணவன் கேட்டபோது முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நெடுநேரம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

ஐந்தாம் நாள் காலை பத்தரைக்குப் பிரணவ் போன் செய்தான். குரலில் தடுமாற்றம் இருந்தது. ஒன்பது நகலும் குறிப்பைப் படிக்கின்றன, அப்புறம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு நிற்கின்றன. பதில் வரும் வரை வேலையைத் தொடுவதில்லை. முதல் நாள் பத்து நிமிஷம் நின்றன. இன்றைக்கு ஒன்றரை மணி நேரமாயிற்று. நேற்றையது எதுவும் நினைவில்லாமலே எப்படி இது கூடிக்கொண்டு போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

"அந்தக் குழந்தை என்னாச்சுன்னு கேக்குதுக்கா. உங்ககிட்டயும் கேட்டிருக்கு, பார்த்தேன். நீங்க என்ன பதில் சொல்லுவீங்க?"

"நான் பதில் சொன்னதே இல்ல, பிரணவ்."

"ஒரு வரி போதும்கா. நல்லாருக்குன்னு சொல்லிடலாமா?"

"தெரியாம சொல்லக் கூடாது," என்றாள். சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது. தெரியாது. பதினோரு வருஷமாக அந்த ஃப்ரிட்ஜில் எத்தனை பை என்று மாதாமாதம் கேட்டவளுக்கு, அந்தப் பிரசவத்தில் பிறந்த குழந்தை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. இருபத்தொன்பது வயதில் அவளுக்குக் கேட்கத் தோன்றியது நாற்பத்து நான்கு வயதில் தோன்றவில்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டாள்.

கோசலைக்குப் போன் செய்தாள். பைகளைப் பற்றி ஆரம்பிக்கப் போனவளை இடைமறித்து, குழந்தையைப் பற்றி மட்டும் கேட்டாள்.

"இத்தனை வருஷமா பேசறீங்க. இதை ஒரு நாளும் கேக்கலையேன்னு நானே நெனச்சிருக்கேனுங்க," என்றாள் கோசலை. பெண் குழந்தை. இருக்கிறாள். அப்பாவோடு அதே தோட்டத்து லைன் வீட்டில்தான் இருக்கிறாள். ஆறாம் வகுப்பு.

ஜெசிந்தா பிரணவைத் திரும்பக் கூப்பிட்டாள். குழந்தை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதைக் குறிப்பில் சேர்ப்பதற்குப் பதில் தான் கேட்கிற ஒன்றைச் செய்ய வேண்டும் என்றாள். அந்தக் கதையைக் குறிப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஒன்பதை நிறுத்தி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் நினைவை அழிக்காமல் விட வேண்டும். சம்மதப் படிவத்தில் அவள் கையெழுத்துப் போடத் தயார். ஒரு முறை சொன்னால் போதும், தினமும் சொல்ல வேண்டியதில்லை.

"மெதுவாயிடும்கா," என்றான் அவன்.

"ஆகட்டும். நானும் அப்படித்தான் ஆனேன்."

மேலிடத்தில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னான். பேசினான். ஒன்றரை மணி நேரம் நிற்கிற நகலைவிட மெதுவாக ஓடுகிற நகல் மேல் என்று கணக்குப் போட்டு, மூன்று மாதச் சோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். அந்த மூன்று மாதமும் ஜெசிந்தா கூட இருக்க வேண்டும் என்று அவனாக ஒரு வரி சேர்த்திருந்தான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மலையேறினாள். கோசலை பஸ் நிறுத்தத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போனாள். லைன் வீடுகளின் தகரக் கூரைமேல் மூடுபனி இறங்கியிருந்தது. செண்பகத்தின் கணவன் பேச்சிமுத்து வீட்டு வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். நர்ஸம்மாவைப் பார்த்ததும் எழுந்து உள்ளே வரச் சொன்னான். கோசலை, இவங்களுக்கு உங்ககிட்ட ஏதோ பேசணுமாம் என்று சொல்லிவிட்டு வெளியே நின்றுகொண்டாள்.

ஜெசிந்தா உட்கார்ந்தாள். தட்டச்சுப் பலகை இல்லாமல் இதைச் சொல்வது வேறு மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் எப்போதும் இருந்த இரண்டு பை ரத்தத்தைக் கீழே எடுத்துக்கொள்ளச் செய்தது தன்னுடைய வேலை என்றாள். யாரும் சொல்லி எழுதவில்லை, தான் யோசித்து எழுதியது என்றாள். அன்றைக்கு அந்தப் பை இருந்திருந்தால் அவர் மனைவி பிழைத்திருக்கலாம் என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

பேச்சிமுத்து கையிலிருந்த காம்பைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். அது வழுக்கி விழுந்தது. எடுக்கவில்லை.

"மழைன்னு சொன்னாங்க," என்றான். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல மெதுவாகப் பேசினான். அன்றைக்கு மத்தியானமே அவளுக்கு வலி கண்டுவிட்டது. பறித்த இலையை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று இவன் எடை போடுகிற இடத்துக்குப் போனான். அங்கே வரிசை. ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. "கொஞ்சம் முன்னால கொண்டாந்திருக்கலாமேன்னு ஆஸ்பத்திரியில யாரோ சொன்னாங்க. அந்த ஒரு மணி நேரந்தான்னு நெனச்சேன். இத்தன வருசமா."

ஜெசிந்தா கற்றுக்கொண்டதெல்லாம் அவளிடமே இருந்துவிட்டது. அந்தப் பாடத்தால் இருபத்திரண்டு ஆஸ்பத்திரிகளில் ரத்தம் இருந்தது. இந்த வீட்டில் மட்டும் இந்த மனிதன் அந்த ஒரு மணி நேரத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீங்க ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தாலும் அந்தத் தட்டு காலிதாங்க," என்றாள். "அன்னிக்கு மூணு வாரம் முன்னாடியே அது காலி."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் இரண்டு முறை ஏறி இறங்கியது. கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"இசை, இங்க வா."

ஈரத் தலையோடு ஒரு சிறுமி வந்தாள். இசைவாணி என்று பெயர் சொன்னாள். அறிமுகம் இல்லாத ஆளைப் பார்த்து அப்பாவின் பக்கம் ஒதுங்கினாள்.

"இவகிட்டயும் சொல்லுங்க," என்றான் பேச்சிமுத்து. "எங்கிட்ட சொன்னாப்புலயே. அம்மா எப்படிச் செத்தான்னு இவ கேட்டப்ப, அப்பா லேட்டா கூட்டிட்டுப் போனேன்னுதான் நான் சொல்லி வெச்சிருக்கேன்."

சிறுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தரையில் கால் மடித்து உட்கார்ந்தாள். ஜெசிந்தா நாற்காலியிலிருந்து இறங்கி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு தன் பெயரைச் சொன்னாள். என்ன வேலை செய்கிறாள் என்று சொன்னாள்.